பாங்கு சொன்னால் பந்து நிற்கும்

ஹைதராபாத்தில் நடந்த அந்த ஆட்டத்தில் ஜெயசீலன் நின்றுவிட்டான். விழவில்லை, வழுக்கவில்லை, யாரும் இடிக்கவும் இல்லை. எதிரணிக்காரன் பந்தோடு அவனைத் தாண்டிப் போகிறான். இவன் இரண்டு கைகளையும் தொங்கவிட்டுக்கொண்டு, பள்ளிக்கூட பிரேயரில் நிற்கிற பையனைப் போல நிற்கிறான். கோல் விழுந்தது. கோல்கீப்பர் ஓடிவந்து அவன் முகத்துக்கு நேரே கத்தினான். அதற்குப் பிறகும் இவன் அசையவில்லை.

காலில் சதை பிடித்திருக்கலாம் என்றார் வர்ணனையாளர். பக்கத்தில் இருந்தவர் வெயிலைக் காரணம் சொன்னார். டிசம்பர் மாதத்துச் சாயங்கால வெயில். ஷார்ஜாவில் ஒரு செருப்பு கோடவுனில், அட்டைப்பெட்டிமேல் ஃபோனைச் சாய்த்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த எனக்குக் காரணம் தெரிந்தது. பேரணாம்பட்டில் இருக்கும் என் தம்பி சமீருல்லாவுக்கும் தெரிந்திருந்தது. உடனே அவனிடமிருந்து மெசேஜ் வந்தது: "பாய், பாங்கு கேட்டுச்சா?"

கேட்டது. மைதானத்துக்குப் பக்கத்தில் ஏதோ பள்ளிவாசல் இருந்திருக்கிறது. கூட்டம் கம்மி என்பதால் ஒலிபெருக்கிச் சத்தம் ஷார்ஜா வரைக்கும் தெளிவாக வந்தது. அஸர் தொழுகைக்கான அழைப்பு. முதல் வரி எழும்பியதும் ஜெயசீலனின் கால்கள் நின்றன.

ஜெயசீலன் முஸ்லிம் அல்ல. அவன் வீட்டில் ஆடி மாதம் கூழ் ஊற்றுவார்கள். அந்தக் கூழ் எங்கள் வீட்டுக்கும் ஒரு தூக்கு வரும். அவன் ஏன் நின்றான் என்பதைச் சொல்ல வேண்டுமானால் எங்கள் கிரவுண்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கிரவுண்டு என்பது மரியாதைக்குச் சொல்வது. ஒரு பக்கம் பள்ளிவாசலின் கிழக்குச் சுவர். எதிர்ப்பக்கம் தோல் பதனிடும் டேனரியின் சுவர். நடுவில் புல் கிடையாது, செம்மண்ணும் சரளைக்கல்லும்தான். சாயங்காலமானால் தோல் வாசனையும் பையன்களின் சத்தமும் சேர்ந்து கிளம்பும். எனக்கு முந்தின தலைமுறைப் பையன்கள் விளையாடிய காலத்திலேயே பள்ளிவாசலுக்கும் கிரவுண்டுக்கும் ஒரு பேச்சு ஏற்பட்டிருந்தது: பாங்கு சொல்லும்போது கத்தக் கூடாது. அது ஒன்றும் கஷ்டமான பேச்சில்லை. ஆனால் பையன்கள் பையன்கள்தானே. எல்லோரும் வாயை மூடிக்கொண்டிருக்கும் நேரம் பார்த்து ஒருவன் சத்தமில்லாமல் பந்தை உருட்டிப் போய் கோல் போட்டிருக்கிறான். அடிதடி. அதற்கப்புறம் சட்டம் இறுகியது. பாங்கு சொன்னால் பந்து நிற்கும். ஆளும் நின்ற இடத்தில் நிற்க வேண்டும். நகர்ந்தவன் கட்சிக்கு எதிராக ஃப்ரீ கிக். ரம்ஜான் முடிந்ததும் நடக்கும் டோர்னமென்டுக்கு வெளியூரிலிருந்து வருகிற ரெஃப்ரீகூட இந்தச் சட்டத்தைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு விசில் ஊதுவார்.

இந்தப் பழக்கம் உடம்பில் எவ்வளவு ஊறியது என்பதற்கு நானே சாட்சி. கோடவுனில் பாங்கு கேட்டால் கையில் பெட்டியோடு இன்றும் நின்றுவிடுகிறேன். என்னோடு வேலை செய்கிற பெஷாவர்க்காரர், "லோடு போகணும், பிரதர்" என்று உருதுவில் முனகுவார்.

ஜெயசீலன் அந்தக் கிரவுண்டுக்கு வந்தது பந்துக்காக அல்ல. அவன் அப்பா சாமிநாதன் டேனரியில் தோல் ஊறவைக்கிற டிரம் ஓட்டுகிறவர். அம்மா ஹேமலதா ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ ஃபேக்டரியில் செக்கிங் பிரிவில் இருக்கிறார். பள்ளிக்கூடம் விட்டதும் ஃபேக்டரி பஸ் அம்மாவைக் கொண்டுவந்து இறக்கும்வரை இவனுக்குப் போக இடமில்லை. கிரவுண்டு ஓரத்தில்தான் பஸ் நிற்கும். எனவே கிரவுண்டில் நின்றான். ஆள் குறைந்த ஒரு நாள் சமீருல்லா அவனைக் கூப்பிட்டு, "பின்னாடி நில்லு, பந்து வந்தா ஒதை," என்றான். அப்படித்தான் அவன் டிஃபென்டர் ஆனான்.

அவர்கள் இருவரும் ஒரே வயது, ஒரே வகுப்பு. சமீருல்லா ஃபார்வர்டு. வேகம், தந்திரம், வாய் எல்லாம் ஜாஸ்தி. பாங்கு நேரத்தில் மற்றவர்கள் நிற்கும்போது அவன் கட்டைவிரலால் மண்ணைப் பிடித்துப் பிடித்து ஒரு சாண் முன்னால் வந்துவிடுவான். நான் அப்போது வேலூரில் படித்துக்கொண்டிருந்தேன். லீவில் வந்தபோது, பாங்குக்கு நடுவே கிசுகிசுப்பாக நடந்த இந்தச் சண்டையைக் காதால் கேட்டேன்.

"டேய் சீலா, நான் நகந்தேனா? அல்லா மேல சத்தியமா நகரல."

"நகரலன்னு நானும் சொல்றேன். இடது கால்ல வெயிட்ட போட்டு நிக்கற. பாங்கு முடிஞ்சதும் வலப்பக்கம் ஓடுவ."

"உனுக்கு எப்டிடா தெரியும்?"

"வேற இன்னா வேல எனக்கு? நிக்கறப்ப உன்னைத்தான் பாக்கறேன்."

பாங்கு முடிந்தது. சமீருல்லா வலப்பக்கம் ஓடினான். ஜெயசீலன் அங்கே முன்னாலேயே போய் நின்றிருந்தான். சமீருல்லா பந்தைப் பறிகொடுத்துவிட்டு, "இவன்கூட பேஜார்பா," என்று மண்ணில் உட்கார்ந்தான்.

மற்றப் பையன்களுக்கு அந்த நேரம் மூச்சு வாங்குகிற நேரம். ஜெயசீலனுக்கோ ஊரே அவனுக்காக அசையாமல் நின்று காட்டுகிற நேரம். யார் எங்கே நிற்கிறான், எவன் எந்தக் காலில் நிற்கிறான், எவன் கண் எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டே வளர்ந்தான். உயரம் சுமார்தான். ஓட்டமும் சுமார். ஆனால் ஃபார்வர்டு போகப் போகிற இடத்துக்கு இவன் முன்னாலேயே வந்திருப்பான்.

பிளஸ் டூ முடித்ததும் அம்மாவின் ஃபேக்டரியிலேயே வேலைக்குச் சேர்ந்தான். ஷூவை அச்சில் ஏற்றி இழுக்கிற மெஷினில் உதவியாள். ஞாயிற்றுக்கிழமை டோர்னமென்ட். ஆம்பூரில் நடந்த ஒரு ஃபைனலுக்குச் சென்னைக் கிளப் ஒன்றின் கோச் வந்திருந்தார். எண்ணூர் யுனைடெட் என்று பெயர். பெரிய கிளப் இல்லை, ஆனால் சம்பளம் கொடுத்து ஆட வைக்கிற கிளப். கோச்சின் பெயர் மஹபூப் பாஷா, வியாசர்பாடிக்காரர், அந்தக் காலத்தில் ஸ்டாப்பராக ஆடியவர். நடு டிஃபென்ஸில் ஆடுகிறவனை இன்றும் ஸ்டாப்பர் என்றுதான் சொல்லுவார். அவர் வந்தது ஒரு ஃபார்வர்டைப் பார்க்க. அந்த ஃபார்வர்டு அன்றைக்குப் பந்தையே தொடவில்லை. அவனைத் தொட விடாத ஜெயசீலனைப் பாஷா கூட்டிக்கொண்டு போனார்.

எடுத்த எடுப்பில் ஒப்பந்தம் இல்லை. பொங்கல் வரைக்கும் சேர்ந்து பயிற்சி செய்ய வேண்டும், சில ஆட்டங்களில் ஆட வேண்டும். பிடித்திருந்தால் இரண்டு சீசனுக்குக் கையெழுத்து. ஃபேக்டரி சூப்பர்வைசர் நல்ல மனிதர், பொங்கல் வரைக்கும் அவனுடைய இடத்தில் வேறு ஆள் போடுவதில்லை என்றார். அதற்கு மேல் அவராலும் முடியாது.

ஹேமலதாக்காவுக்குப் பிள்ளையை அனுப்புவதில் விருப்பம்தான். ஆனாலும் கேலி பண்ணாமல் அவருக்குப் பேச வராது. செக்கிங் பிரிவில், குறை இருக்கிற இடத்தில் ஒட்டுவதற்கு அம்புக்குறி போட்ட சின்ன ஸ்டிக்கர் வைத்திருப்பார்கள். அம்பு எங்கே காட்டுகிறதோ அங்கே தையலோ தோலோ சரியில்லை என்று அர்த்தம். கிளம்புகிற அன்றைக்கு அவன் முட்டியில் ஒன்றை ஒட்டிவிட்டு, "அடிபட்டுட்டு வராதடா, ரிட்டன் எடுக்க மாட்டேன்," என்றாராம்.

முதல் மாதங்கள் நன்றாகத்தான் போயின. கிளப்பின் பயிற்சி மைதானம் ஊருக்கு வெளியே, கடற்கரைச் சாலைப் பக்கம். பயிற்சி காலையில். ஆடிய ஆட்டங்களில் கடைசிக் கொஞ்ச நேரத்துக்கு உள்ளே இறக்கினார்கள். அந்த மைதானங்களிலும் காதுக்கு எட்டுகிற தூரத்தில் பள்ளிவாசல் இல்லை. முதல் நிமிடத்திலிருந்து அவனை ஆட வைத்த முதல் ஆட்டம் ஹைதராபாத். அங்கே கோல் விழுந்த கதையை ஏற்கெனவே சொல்லிவிட்டேன்.

அன்று சாயங்காலமே அவனுக்கு ஃபோன் போட்டேன்.

"கோச் இன்னா சொன்னாரு?"

"இன்னா ஆச்சுன்னு கேட்டாரு, பாய்."

"நீ இன்னா சொன்ன?"

"தெரியல சார்னுட்டேன்."

எனக்குக் கோபம் வந்தது. "தெரியலையா? ஏண்டா, உள்ளதைச் சொல்லிட வேண்டியதுதானே?"

அறைக்கு வெளியே வந்து கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு சொன்னான். "இன்னான்னு சொல்றது? பாங்கு சத்தத்தால கோல் வுட்டேன்னா? டீம்ல எல்லா ஊரு பசங்களும் இருக்காங்க. ஒருத்தன் சிரிப்பான். இன்னொருத்தன் வேற மாதிரி பேசுவான். எவனாவது வீடியோ வெட்டி வாட்ஸப்ல போட்டுட்டா? லியாகத் பாய் மூஞ்சில எப்டி முழிப்பேன்?"

லியாகத் அலி எங்கள் பள்ளிவாசலில் பாங்கு சொல்கிறவர். பகலில் ஒரு தோல் கோடவுனில் ரகம் பிரிக்கிற வேலை. எங்கள் எல்லோருக்குமே லியாகத் பாய்.

ஜெயசீலன் பயந்ததில் தப்பில்லை. இந்தக் காலத்தில் ஒரு சின்ன வீடியோ எங்கே போய் யார் கையில் என்னவாக மாறும் என்று யார் கண்டார்கள்? எனக்கே அந்தப் பயம் உண்டு. தூரத்தில் இருப்பவனுக்குப் பயம் ஜாஸ்தி. ஊரில் சின்னதாக நடப்பது இங்கே வந்து சேரும்போது பெரிதாகிவிடுகிறது. நானும் வாயை மூடிக்கொண்டேன்.

ஆனால் அவன் 'தெரியல' என்று சொன்னதால் வேறு வினை வந்தது. ஓடிக்கொண்டிருக்கும் ஆள் நடுவில் நின்றுவிட்டு, ஏன் நின்றேன் என்று தெரியாது என்றால் டாக்டர் என்ன நினைப்பார்? சில நொடி நினைவு தப்புகிறதோ என்று கிளப் டாக்டர் சந்தேகப்பட்டார். இதயத்தைப் பார்க்க வேண்டும், தலையை ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றார். வீட்டில் யாருக்காவது வலிப்பு உண்டா என்று கேட்க, அம்மாவை வரச் சொன்னார்கள். உடம்பில் கோளாறு என்று ஒரு வரி எழுதிவிட்டால் இந்தக் கிளப் மட்டுமல்ல, எந்தக் கிளப்பும் அவனைத் தொடாது.

ஹேமலதாக்கா அன்றைக்கு லீவு போட்டுவிட்டு சமீருல்லாவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு சென்னைக்குப் போனார். அங்கே நடந்ததைச் சமீருல்லா எனக்குப் பல தடவை சொல்லியிருக்கிறான். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வான். நான் கழித்துக்கொண்டு எழுதுகிறேன்.

உள்ளே ஜெயசீலனைப் படுக்க வைத்து நெஞ்சில் வட்ட வட்டமாக ஸ்டிக்கர் ஒட்டி ஒயர் மாட்டியிருந்தார்கள். கதவுக் கண்ணாடி வழியாக அம்மா அதைப் பார்த்தார். அதுவரைக்கும் பஸ்ஸில் வம்பளந்துகொண்டு வந்தவர் அங்கேயே சுவரில் சாய்ந்துவிட்டார்.

"இத்தன ஸ்டிக்கராடா சமீரு," என்றார். "எங்க லைன்ல ஒண்ணு ஒட்டினாலே அந்த பீஸ் தேறாது."

ஜெயசீலன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தபோது அம்மா அழுதுகொண்டிருந்தார். சத்தம் இல்லை, கண்ணீர் மட்டும். சின்ன வயதில் ஒரு தடவை அவனுக்குக் காய்ச்சலில் ஜன்னி கண்டதாம். அது இதுவாக இருக்குமோ, டாக்டரிடம் சொல்லலாமா கூடாதா என்று சமீருல்லாவிடம் கேட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் கோச் மஹபூப் பாஷா ஃபோனைப் பார்ப்பதுபோல நின்றிருந்தார்.

"அம்மா, எனக்கு ஒண்ணுமில்ல," என்றான் ஜெயசீலன். "பாங்கு சொன்னாங்க. நின்னுட்டேன்."

அம்மா நிமிர்ந்து பார்த்தார். "இன்னாது?"

"அஸர் பாங்கு. கேட்டுச்சு. கால் நின்னுடுச்சு. நம்ம கிரவுண்டுன்னு நெனச்சுடுச்சு போல."

ஹேமலதாக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். பிறகு அவன் தோளில் ஒரு அறை வைத்தார். "இதுக்காடா? இதுக்காடா என் ஒரு நாள் அட்டன்டன்ஸ்?" சொல்லிக்கொண்டே சிரித்தார். சிரிப்பு அடங்காமல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். நர்ஸ் வந்து, இது ஆஸ்பத்திரி என்று சொல்ல வேண்டியதாயிற்று.

பாஷா ஃபோனைப் பாக்கெட்டில் போட்டார். "இரு இரு. புரியல. நான் அஞ்சு வேள தொழுவறவன். அன்னிக்கு நானே நிக்கல, பெஞ்சுலேர்ந்து கத்தினு இருந்தேன். நீ ஏண்டா நின்ன?"

சமீருல்லா சட்டத்தை விளக்கினான். பந்து நிற்பது, ஆள் நிற்பது, நகர்ந்தால் ஃப்ரீ கிக். பாஷா பாதி நம்பிக்கையோடு கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு ஜெயசீலனைப் பார்த்து, "அப்பிடி நிக்கறப்ப இன்னா பண்ணுவ?" என்றார்.

"பாப்பேன் சார். யார் எந்தக் கால்ல நிக்கறாங்கன்னு."

"அத வச்சி?"

"எந்தப் பக்கம் போவாங்கன்னு தெரிஞ்சுடும்."

பாஷா அந்த வராந்தாவிலேயே நிமிர்ந்து நின்றார். கைகளைத் தொங்கவிட்டார். "நான் எந்தப் பக்கம் போவேன், சொல்லு."

ஜெயசீலன் தயங்கினான். "சொல்லுடா," என்றார் அம்மா.

"நீங்க எங்கயும் போமாட்டீங்க சார். ஒங்களுக்கு வலது முட்டி வலிக்குது."

பாஷா அவனையே பார்த்தார். அவருடைய ஆட்டத்தை முடித்து வைத்த முட்டி அதுதான். கிளப்பில் யாரிடமும் அதைப் பற்றிப் பேசமாட்டாராம். "கண்ணு நல்லாதான் வேல செய்யுது," என்று டாக்டர் அறைக்குள் போனார்.

பரிசோதனையில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் பாஷா கையெழுத்துக்குச் சம்மதிக்கவில்லை. பொங்கல் முடிந்த வாரம் சென்னையில் ஒரு ஆட்டம். மைதானத்துக்கு அடுத்த தெருவிலேயே பள்ளிவாசல். உதவி கோச் ஒருவர், ஃபோனில் பாங்கைப் போட்டுவிட்டு அவனை ஓட வைத்துப் பழக்கலாமே என்று யோசனை சொல்லியிருக்கிறார். பாஷா, "அது வெளாட்டுச் சாமான் இல்ல," என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

ஜெயசீலனிடம் சொன்னது இதுதான்: "ஊருக்குப் போ, பொங்கல் துன்னு, வா. அந்த மேட்ச்ல நீதான் ஸ்டாப்பர். ஓடினா கையெழுத்து. நின்னா, நான் திட்டக்கூட மாட்டேன். பஸ்ஸு ஏறிடு."

காணும் பொங்கல் அன்றைக்கு ஜெயசீலனும் சமீருல்லாவும் லியாகத் பாயைத் தேடிப் போனார்கள். போவதா வேண்டாமா என்று ஜெயசீலன் இரண்டு மனதாகத்தான் இருந்தான்; சமீருல்லா இழுத்துக்கொண்டு போனான். லியாகத் பாய் கோடவுன் வாசலில் ஸ்டூல் போட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். எங்கள் ஊர் முஸ்லிம்களைப் போல உருதுவும் தமிழும் கலந்து பேசுகிற மனிதர்.

ஜெயசீலன் எல்லாவற்றையும் சொன்னான். லியாகத் பாய் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்.

"நிக்கறீங்களா? இன்னாத்துக்கு நிக்கறீங்க?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பாங்கு சொல்றப்ப நிக்கணும்ல, பாய்," என்றான் சமீருல்லா. "நீங்க சொன்னதுதானே."

"நான் எப்ப சொன்னேன்? கத்தாதீங்கன்னு சொல்லிருக்கேன். எனக்கு முன்னாடி இருந்தவரும் அதத்தான் சொன்னாரு. அதுவும் கத்தறது ஜாஸ்தியாப் போனா."

"எத்தினி வருஷமா நிக்கறோம், நீங்க பாத்ததே இல்லியா?"

"எப்டிடா பாப்பேன்? நான் கிப்லா பாத்து, மேற்க திரும்பி நின்னு சொல்றேன். கிரவுண்டு என் முதுகுக்குப் பின்னாடி இருக்குது. சொல்ல ஆரம்பிச்சா சத்தம் அடங்கும். சரி, பசங்க நல்ல பசங்கன்னு நெனச்சேன். சிலை மாரி நிப்பீங்கன்னு யாரு கண்டா?"

"நகந்தா ஃப்ரீ கிக் கூட உண்டு," என்றான் ஜெயசீலன்.

"யா அல்லா. அது வேறயா."

சமீருல்லாவுக்குத்தான் தாங்க முடியவில்லை. "அப்ப எங்கிட்ட புடுங்கின ஃப்ரீ கிக்கெல்லாம் அநியாயம்தானே? இவன் எவ்ளோ வாங்கிருக்கான் தெரியுமா, பாய்? திருப்பிக் குடுக்கச் சொல்லுங்க."

லியாகத் பாய் சிரித்தார். பிறகு ஜெயசீலன் முகம் இன்னும் தெளியவில்லை என்று பார்த்து, அவன் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். "தோ பாரு பேட்டா. உன் வேல ஓடறது. ஓடு. அதுல எனக்கும் வருத்தம் இல்ல, யாருக்கும் வருத்தம் இல்ல. மனசு கேக்கலன்னா வாய மட்டும் மூடிக்க. நாங்க கேட்டது வாயத்தான். கால யாருமே கேக்கல."

அன்று சாயங்காலம் கிரவுண்டில் ஒத்திகை பார்த்தார்கள். பாங்கு எழுந்தது, எல்லோரும் நின்றார்கள். ஜெயசீலனும் நின்றுவிட்டான். அனுமதி காதுக்குப் போய்விட்டது, காலுக்குப் போகவில்லை. ஒத்திகைக்காகச் சமீருல்லா மட்டும் அவனைச் சுற்றிச் சுற்றிப் பந்தை உருட்டினான். மறுநாள் ஜெயசீலன் இரண்டு எட்டு எடுத்து வைத்தான். பாங்கு முடிந்ததும் கிரவுண்டு முழுக்க ஒரே குரல்: "ஃப்ரீ கிக்!" லியாகத் பாய் சொன்னதை எடுத்துச் சொல்லியும் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. அவர் சொன்னது பள்ளிவாசலுக்கு, இது கிரவுண்டுச் சட்டம் என்றார்கள். அந்த இரண்டு எட்டோடுதான் அவன் சென்னைக்குப் பஸ் ஏறினான்.

ஆட்டத்து அன்றைக்கு எனக்கு வேலை ஓடவில்லை. பெஷாவர்க்காரரிடம் விஷயத்தைச் சொல்லியிருந்தேன். அவரும் பக்கத்தில் ஒரு பெட்டியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முதல் பாதியில் கோல் இல்லை. ஜெயசீலன் நன்றாகவே ஆடினான், ஓயாமல் கத்திக்கொண்டும் இருந்தான். ஸ்டாப்பருக்குக் கத்துவதும் வேலை. முன்னால் இருப்பவர்களுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று இவன்தான் சொல்ல வேண்டும். இரண்டாம் பாதியில் எண்ணூர் ஒரு கோல் போட்டது. எதிரணி நெருக்கத் தொடங்கியது.

ஒரு பந்து நடுவிலிருந்து நீளமாக வந்தது. அவர்களுடைய ஃபார்வர்டு அதை வாங்கித் திரும்பினான். எதிரே ஜெயசீலன் மட்டும்.

அந்த நேரம் பாங்கு எழுந்தது.

படத்தில் ஜெயசீலன் நின்றான். கை தொங்கியது. கண் அந்த ஃபார்வர்டின் காலில். அசையவே இல்லை. பாங்கு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான், பஸ் ஏற வேண்டியதுதான், ஹேமலதாக்காவுக்கு யார் சொல்வது என்று நினைத்தேன். அதற்குள் பெஷாவர்க்காரர் என் முழங்கையை இடித்தார்.

"எல்லாரும்தான் நிக்கறாங்க, பிரதர்," என்று உருதுவில் சொன்னார். "நெட் வீக்காயிடுச்சு, சத்தம் மட்டும்தான் வருது."

ஃபார்வர்டும் நின்றிருந்தான். ரெஃப்ரீயும் ஒரு காலைத் தூக்கியபடி நின்றிருந்தார். பந்து தரைக்கு ஒரு சாண் மேலே நின்றது. திரையின் நடுவில் சின்ன வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. நான் ஃபோனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு கோடவுன் வாசலுக்கு ஓடினேன்.

படம் திரும்பி வந்தபோது பந்து கோட்டுக்கு வெளியே இருந்தது. ஃபார்வர்டு தரையில் உட்கார்ந்திருந்தான். ஜெயசீலன் எழுந்து முட்டியில் ஒட்டிய புல்லைத் தட்டிக்கொண்டிருந்தான். பாங்கு இன்னும் முடியவில்லை. த்ரோ எறிய ஆள் ஓடினான். ஜெயசீலன் இரண்டு கையாலும் ஆட்களுக்கு இடம் காட்டினான்: நீ அங்கே, நீ அவன்கூட. வாய் மட்டும் திறக்கவில்லை. கோல்கீப்பர் பின்னாலிருந்து, "பேசுடா, பேசித் தொலைடா," என்று கத்துவது எனக்கே கேட்டது. பந்து உள்ளே வந்தது. இவன் ஓடினான், தலையால் முட்டி வெளியேற்றினான், மறுபடி ஓடினான். உதட்டை இறுக்க மூடியிருந்தான். கன்னம் இரண்டும் உப்பியிருந்தன, தண்ணீருக்குள் முங்கியவனைப் போல.

பாங்கின் கடைசி வரி முடிந்தது. ஜெயசீலன் வாயைத் திறந்தான்.

"முன்னாடி ஏறுங்கடா," என்று அவன் கத்தியதில் கோல்கீப்பர் இரண்டடி பின்னால் போனான்.

ஒரு கோலோடு ஜெயித்தார்கள். ஆட்டம் முடிந்ததும் பாஷா அவனிடம், "எல்லாம் சரி, நடுவுல ஏன் ஊமையாய்ட்ட?" என்று கேட்டாராம். ஜெயசீலன், வாய் மட்டும் பள்ளிவாசலோட பங்கு சார் என்றானாம். பாஷா கோல்கீப்பரைக் கூப்பிட்டு, பாங்கு நேரத்தில் இவன் கையைப் பார்த்து ஆடு என்று சொல்லிவிட்டார். மறுநாள் காலையில் இரண்டு சீசனுக்குக் கையெழுத்தானது.

அன்றைக்கே சூப்பர்வைசர் ஃபேக்டரியில் அவனுடைய மெஷினுக்கு வேறு ஆளைப் போட்டுவிட்டார். ஹேமலதாக்கா எனக்கு ஃபோன் பண்ணி அதைத்தான் முதலில் சொன்னார், ஏதோ கல்யாணச் செய்தி சொல்வதுபோல.

"சீலா ஸ்டூல்ல வேற பையன் ஒக்காந்துட்டான், தம்பி. இனிமே எடமில்ல. அப்பாடா."

"ஆட்டம் பாத்தீங்களாக்கா?"

"எங்க பாத்தேன்? அந்த நேரம் பாத்து ஃபோன்ல படம் நின்னுபோச்சு. இவன்தான் நின்னுட்டான்னு நெனச்சு, லைன்ல எல்லாரும் பாக்க அழுதுட்டேன்."

எனக்கு மட்டும்தான் படம் நின்றது என்று அதுவரைக்கும் நினைத்திருந்தேன்.